நால்வர் அணியும் இரண்டு நிமிட ரசிகரும்

சிட்னியில் டூங்கபிப் பக்கத்தில் தமிழருக்கு எத்தனை சங்கங்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. கேட்டவரையே செயலாளராகப் போட்டு இன்னொன்றைத் தொடங்கிவிடுவார்கள். நம் கதைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் மேற்கு சிட்னித் தமிழர் பண்பாட்டுப் பேணுகை மன்றம். ஒரு பொங்கல் விழாவில் மங்கல விளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்ற கொள்கைப் பிரச்சினையில் தாய்ச் சங்கத்தை உதறிவிட்டு வந்த மன்றம் அது. ஆகவே விளக்கு விஷயத்தில் அதற்குத் தனிப் பெருமை உண்டு.

வரதராஜா அந்த மன்றத்தில் கதிரை அடுக்குபவர். அப்படியொரு பதவி மன்றத்தின் சட்ட யாப்பில் கிடையாது. ஆனால் மன்றம் தொடங்கிய நாளிலிருந்து விழாவுக்கு முதல் ஆட்கள் இருக்கக் கதிரைகளைப் பரப்புவதும், விழா முடிய அவற்றை அடுக்குவதும் அவர்தான். இடைப்பட்ட நேரத்தில் கடைசி வரிசையில் இருந்து எல்லோருக்கும் கைதட்டுவார். பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வாயால் சாதித்தது எதுவும் இல்லாத மனிதர்.

அவருக்கு ஒரே மகள், ராதா. படிப்பை முடித்து மெல்பேணில் வேலை எடுத்துக்கொண்டாள். அங்கே போக இன்னும் சில மாதம் இருந்தது. "சிட்னியில இல்லாத வேலையா?" என்று வரதராஜா ஒருநாள் கேட்கப்போய், அதன்பிறகு வீட்டில் அவளுடைய பேச்சு "ஓகே", "ஃபைன்", "லேட்டர்" என்ற மட்டில் நின்றுபோனது. தாய் இரஞ்சிதத்தோடு குசினிக்குள் கலகலப்பாகக் கதைப்பாள். தகப்பன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தால் வானொலியை நிறுத்தியதுபோல் அடங்கிவிடும். அது அவரைத் தின்றது. யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் காலத்தில்தான் இரஞ்சிதம் இரண்டு பேரையும் பரமட்டாவில் ஒரு படத்துக்குத் துரத்திவிட்டாள். இங்கிலிஷ் படம். பறக்கத் தெரிந்தும் உயரத்துக்குப் பயந்தவன் ஒருவன். மறைந்துபோகும் சக்தியிருந்தும் தன்னை ஒருவரும் கவனிக்கவில்லையே என்று புழுங்கும் ஒருத்தி. மலையைப் புரட்டக்கூடிய, ஆனால் அதற்குமுன் அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்கவேண்டிய ஒருவன். மின்னலாக ஓடி, எல்லா இடத்துக்கும் முதலே போய்ச் சேர்ந்து, சலித்துப்போய்த் திரும்பிவிடும் இன்னொருவன். இந்த நாலு பேரும் ஓர் அணியாகச் சேர்ந்து நகரத்தைக் காப்பாற்றவேண்டும்.

நடுவில் ஒரு காட்சி. பத்திரிகைக்காரர் அணியைப் படம் பிடிக்க வருகிறார்கள். யார் நடுவில் நிற்பது என்று நாலு பேருக்கும் தகராறு. அவர்கள் மாறி மாறி நடுவுக்கு வந்துகொண்டிருக்க, பின்னால் வில்லன் ஆற்றுப் பாலத்தை அப்படியே பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு போகிறான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வரதராஜா சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சுக்குள்ளிருந்து எதுவோ கழன்றுவிட்டாற்போல் சிரித்தார். சோளப்பொரி முன் வரிசை ஆளின் தலையில் கொட்டியது. பக்கத்தில் ராதா கண்ணில் தண்ணீர் வழிய அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, திஸ் இஸ் எக்ஸாக்ட்லி யுவர் சங்கம்!" என்றாள். அவருக்கு மூச்சு வாங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் முழு வசனம் அது.

படத்தின் பிற்பாதி படு குப்பை. அது வேறு விஷயம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் அந்தப் பாலத்தையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இதற்குள் மன்றம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. இளையோர் மன்றத்துக்கு வருவதில்லை. இளையோருக்கு இந்தமாதிரி அதிவீரர் படங்கள் பிடிக்கும். ஆகவே அப்போது பரமட்டாவில் ஓடிய அந்த நால்வர் படத்தைப்பற்றி மாபெரும் திரைக் கருத்தரங்கு நடத்துவது. படம் காட்டப்படமாட்டாது, அது நேரத்தை விழுங்கிவிடும். பேச்சுகள் மட்டும் இருக்கும். "அதிவீரரும் அறநெறியும்", "பறத்தல்: அன்றும் இன்றும்", "அணியும் பணிவும்" என்று தலைப்புகள் பங்கிடப்பட்டன. கடைசியில் "ரசிகர் பார்வை" என்று இரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டது. அதற்கு ஆள் தேடியபோதுதான் மன்றத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர் வரதராஜா ஒருவர்தான் என்பது வெளிப்பட்டது.

"நீங்களா?" என்றாள் ராதா. "ஸ்டேஜிலயா?"

"ஓம். ரெண்டு நிமிசம்."

"வட் ஆர் யூ கோயிங் டு சே?"

"நீ சொன்னதைத்தான். எங்கட சங்கம் மாதிரி எண்டு."

கருத்தரங்கு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் அவள் மெல்பேணுக்குப் போகும் நாள். சிநேகிதியின் காரில் ஐந்து மணிக்குப் புறப்படவேண்டும். "ஓகே அப்பா. ஐ வில் கம். அஞ்சு மணி மட்டும் இருப்பன். பட் நீங்க உண்மையாச் சொல்லவேணும். போய்க் கதிரை அடுக்கிப்போட்டு வரக்கூடாது."

சொல்லத்தான் போகிறேன் என்று வரதராஜா தன் தலையில் தானே அடித்துச் சத்தியம் பண்ணினார்.

விழாவுக்கு முந்திய கிழமை தலைவர் சச்சிதானந்தனின் பென்டில் ஹில் வீட்டில் ஒத்திகை நடந்தது. தலைவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். செயலாளர் சிவமணி பக்கத்தில் இருந்தார். கலாசாரச் செயலாளர் சத்தியபாமா தேநீர் ஊற்றினார். வரதராஜா தன் கருத்தைச் சொல்லிக் காட்டினார்.

தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்ல கருத்து," என்றார் தலைவர். "நல்ல ஆழமான கருத்து. அந்த 'எங்கட சங்கம்' எண்ட பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கோ. எங்களுக்கு ஒண்டுமில்லை. மற்றச் சங்கக்காரர் தங்களைச் சொல்லிறியள் எண்டு நினைச்சுப்போடுவினம்."

"விழுந்து விழுந்து சிரிச்சனான் எண்டதும் வேண்டாம்," என்றார் சத்தியபாமா. "பிரதம விருந்தினர் முன்னால மரியாதையா இராது. 'அகமகிழ்ந்தேன்' எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

"பிற்பாதி குப்பை எண்டதையும் விடுங்கோ," என்றார் சிவமணி. "எதிர்மறையான கருத்து இளையோருக்குக் கூடாது."

கழித்துக் கழித்துப் பார்த்ததில் "படத்தைப் பார்த்து அகமகிழ்ந்தேன்" என்பதே மிஞ்சியது. அதற்கு இரண்டு நிமிடம் அதிகம் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். வரதராஜா "ஓம் ஓம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேடையில் ஏறினபிறகு யார் வாயை யார் பொத்துவது என்று மனதுக்குள் ஒரு துணிச்சல். அந்தத் துணிச்சலோடு வீடு திரும்பி இரவெல்லாம் நித்திரையில்லாமல் புரண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளிக்கூட மண்டபம். இரண்டு மணி என்று அறிவித்திருந்தபடியால் மூன்றுக்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ராதா மட்டும் இரண்டுக்கே வந்து, தகப்பன் பரப்பிய கதிரைகளில் கடைசி வரிசையில், அவர் வழக்கமாக இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தாள். வரதராஜா அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, நேராக இருந்த கதிரைகளையே திரும்பவும் நேராக்கினார்.

முதலில் மங்கல விளக்கு. விளக்குக்கு ஐந்து முகம். ஏற்ற அழைக்கப்பட்ட பிரமுகர்களோ அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். ஏற்றிய திரியை அணைத்து இன்னொருவரைக் கொண்டு ஏற்றுவது அபசகுனம். மன்றம் இதை முன்கூட்டியே யோசித்திருந்தது. மிஞ்சியவர்களுக்கு ஆளுக்கொரு சிட்டி விளக்கு, அதுவும் போதாதவர்களுக்குத் தட்டில் கற்பூரம். பிரமுகர்கள் வரிசையாக ஏற்றினார்கள். ஒவ்வொருவர் ஏற்றும்போதும் படம் பிடிக்கவேண்டியிருந்ததால் முந்தியவர் ஏற்றிய கற்பூரம் புகைந்துகொண்டே இருந்தது. கடைசிப் பிரமுகர் குனிந்தபோது கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி ஊளையிடத் தொடங்கியது.

எல்லோரும் வெளியே மைதானத்துக்கு ஓடினார்கள். சற்றைக்குள் சிவப்பு வண்டி ஒன்று வந்து நின்றது. தலைக்கவசமும் பெரிய சப்பாத்துமாக நாலு தீயணைப்பு வீரர்கள் குதித்தார்கள். சீருடை அணிந்து மண்டபத்துக்கு வருகிற யாரையும் சும்மா விடுவது மன்றத்தின் மரபல்ல. தலைவர் சச்சிதானந்தன் முன்னே போய், கைகூப்பி, வரவேற்புரை நிகழ்த்தினார். "எமது அழைப்பையேற்று இவ்வளவு குறுகிய நேரத்தில் வருகை தந்திருக்கும்..." என்று அவர் தொடங்க, முன்னால் நின்ற வீரன், "இஸ் எனிபடி இன்சைட், மேட்?" என்று கேட்டான். சத்தியபாமா பாய்ந்துபோய் அவன் கழுத்தில் பொன்னாடையைப் போட்டார். இருந்தது ஒன்றே ஒன்று. பிரதம விருந்தினருக்கென்று வாங்கியது.

பிரதம விருந்தினர் பல் வைத்தியர் குணசீலன். மலேசியாவிலிருந்து படிக்கவந்து இங்கேயே நிலைத்தவர். தன் பொன்னாடை இன்னொருவர் கழுத்தில் ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "பரவால்ல, பரவால்ல," என்றார் தானாகவே, ஒருவரும் கேட்காமல்.

பொன்னாடைக்காரன் மைதானத்தில் படம் பிடிக்க நிறுத்தப்பட்டான். தலைவர் ஒருபக்கம், செயலாளர் மறுபக்கம். இல்லை, தலைவர்தான் நடுவில். அப்படியென்றால் விருந்தினர்? அந்த நேரத்தில் மற்ற மூன்று வீரர்களும் உள்ளே ஓடித் தட்டோடு கற்பூரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரதராஜா திடுக்கிட்டு ராதாவைத் தேடினார். அவள் மைதானத்தின் மறுபக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். இரண்டு நிமிடம். அவரும் இரண்டு விரலை உயர்த்தினார். பன்னிரண்டு வருடத்தில் மன்றத்தில் அவர் அனுபவித்த ஒரே சந்தோஷம் அதுதான்.

திரும்பவும் உள்ளே போனார்கள். தேநீர் குடிக்காமல் வீரர்களை விடமுடியாது என்று சத்தியபாமா மறித்துவிட்டதால் அவர்களும் முன்வரிசையில் அமர்ந்தார்கள்.

இங்கே மன்றத்தின் ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும். மேடையில் எவர் ஏறினாலும், முதலில் சபையில் உள்ள பெரியவர்களைத் தரவரிசைப்படி, ஒருவரையும் விடாமல், "அவர்களே, அவர்களே" என்று விளித்துவிட்டுத்தான் பேசவேண்டும். பேச்சில் என்ன பிழை விட்டாலும் மன்னிப்பு உண்டு. ஒரு பெயரை விட்டால் மன்னிப்பு இல்லை. அன்று சிவமணி தன் வரவேற்புரையில் தீயணைப்பு வீரர்களைப் புதிதாகச் செருகிய பதற்றத்தில் முன்னாள் தலைவர் தேவராஜாவை விட்டுவிட்டார்.

தேவராஜா எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். ஒரு சொல்லும் பேசாமல் மண்டபத்தின் நடுவால் நடந்து வெளியே போனார்.

உடனே தூதுக்குழு ஒன்று கார்த் தரிப்பிடத்துக்கு ஓடியது. தேவராஜாவின் காருக்குப் பின்னால் தீயணைப்பு வண்டி நின்றபடியால் அவரால் போகவும் முடியவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தார். தூதுக்குழு கண்ணாடிக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில், அவருக்கென்று தனியாக இன்னொரு வரவேற்புரை நிகழ்த்துவது என்ற உடன்பாட்டில் திரும்பி வந்தார். அது நிகழ்த்தப்பட்டது. முந்தியதைவிட நீளமாக இருந்தது.

பிறகு பேச்சுகள். செயலாளர் மேசையில் ஒரு மணி இருந்தது. ஆனால் பிரமுகர்களுக்கு மணி அடிக்க முடியாது, மனவருத்தம் வரும். அது சாதாரண ஆட்களுக்கான மணி. ஆகவே பிரமுகர்கள் தாங்களாகக் களைக்கும்வரை பேசினார்கள்.

தலைவர் சச்சிதானந்தன் சொன்னார்: "இந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவருக்கு ஒரு சார்பு வந்துவிடும். பார்க்காதவனால்தான் நடுநிலையாகப் பேசமுடியும். இதில் வரும் நான்கு வீரர்களும் ஒற்றுமையின் சின்னங்கள் என்று அறிகிறேன். எமது மன்றமும் அவ்வாறே. கருத்து வேறுபாடு வந்தபோதெல்லாம் நாம் ஒற்றுமையாகப் பிரிந்து வந்திருக்கிறோம்."

பலத்த கைதட்டல்.

குணசீலன் வெறுங்கழுத்தோடு எழுந்தார். "சினிமா பாக்க எனக்கு நேரம் கெடைக்கிறதில்ல. ஆனா அந்த வீரர்களோட போஸ்டர கிளினிக் பக்கத்துல பாத்தேன். நாலு பேருக்கும் பல் ரொம்ப நல்லா இருக்கு. இளைஞர்கள் இத கவனிக்கணும்," என்றார். இளைஞர் என்று சொல்லக்கூடியவர் மண்டபத்தில் ராதா ஒருத்திதான். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரதராஜா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து மணிக்கு அதிகம் இல்லை. மண்டபக் கதவுக்கு வெளியே ஒரு கார் வந்து ஒருமுறை ஹோர்ன் அடித்தது. அவள் எழுந்து வெளியே ஏதோ சைகை காட்டிவிட்டுத் திரும்பவும் வந்து இருந்தாள். தனக்காக இருக்கிறாள். பிள்ளை தனக்காகக் காரை மறித்து வைத்திருக்கிறாள்.

"அடுத்ததாக ரசிகர் பார்வை," என்றார் சிவமணி. "நேரம் போதாதபடியால் இரண்டு நிமிடத்தை ஒரு நிமிடமாக்கிச் சுருக்கமாகக் கூறுமாறு திரு. வரதராஜாவைக் கேட்டுக்கொள்கிறேன்."

அவர் போனார். ஒலிவாங்கியைப் பிடித்தார். மண்டபம் அங்கிருந்து பார்க்க வேறுமாதிரி இருந்தது. முன்வரிசையில் தேவராஜா, இன்னும் ஆறாத முகத்தோடு. அவருக்குப் பக்கத்தில் நாலு வீரர்கள், கையில் தேநீர்க் கோப்பைகளோடு. கடைசியில், அவருடைய வெறுங்கதிரைக்குப் பக்கத்தில், ராதா முன்னே குனிந்து இருந்தாள்.

வசனம் நாக்கு நுனியில் நின்றது. அந்த நாலு பேரும் எங்கட சங்கம் மாதிரி. அவ்வளவுதான். அவர் வாயைத் திறந்தார்.

"பெருமதிப்புக்குரிய தலைவர் சச்சிதானந்தன் அவர்களே," என்றது வாய்.

அவருக்கே அதிர்ச்சி. நிறுத்தப் பார்த்தார். ஆனால் தலைவரைச் சொல்லிவிட்டு விருந்தினரைச் சொல்லாமல் விடமுடியுமா? "பிரதம விருந்தினர் வைத்தியகலாநிதி குணசீலன் அவர்களே." செயலாளரை விட்டால்? "செயலாளர் சிவமணி அவர்களே, கலாசாரச் செயலாளர் சத்தியபாமா அவர்களே." தேவராஜா கதிரையின் கையைப் பிடித்து எழும்பத் தயாராவது தெரிந்தது. "முன்னாள் தலைவர், எமது வழிகாட்டி, தேவராஜா அவர்களே!" தேவராஜா சாய்ந்து இருந்தார். அதற்குப் பிறகு ஆட்சிக்குழு உறுப்பினர்கள் வந்தார்கள், விளக்கேற்றியவர்கள் வந்தார்கள், சிற்றுண்டி தந்துதவிய அன்பர் வந்தார். "அவசர அழைப்பையேற்று வருகை தந்த தீயணைப்பு வீரர்கள் அவர்களே," என்றபோது வீரர்கள் கோப்பையை உயர்த்தினார்கள். பன்னிரண்டு வருடமாகக் கேட்டதெல்லாம் அப்படியே, ஒரு பெயரும் பிசகாமல், மழைவெள்ளம்போல் வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு வரதராஜா நிறுத்து, நிறுத்து என்று கத்தினார். வெளியே இருந்தவர் "தாய்மார்களே, பெரியோர்களே" என்றார்.

"எனது அன்பு..." என்று அவர் ராதாவைப் பார்த்தபோது மணி அடித்தது.

சாதாரண ஆட்களுக்கான மணி.

வெளியே ஹோர்ன் இன்னொருமுறை கேட்டது. ராதா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கையை உயர்த்திக் காட்டினாள். அது போயிட்டு வாறன் என்பதா, பரவாயில்லை என்பதா, வரதராஜாவுக்குத் தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே நின்றார்.

மண்டபம் அதிர்ந்தது. அப்படியொரு கைதட்டலை மன்றம் கண்டதில்லை. தேவராஜா எழுந்து நின்று தட்டினார். தலைவர் மேடையேறி வரதராஜாவைக் கட்டிக்கொண்டார். "எத்தனையோ மேடைகளைக் கண்டிருக்கிறேன். ஒருவரையும் விடாமல், ஒருவர் மனதையும் நோகடிக்காமல், இப்படியொரு பண்பட்ட திரை விமர்சனத்தை நான் கேட்டதில்லை," என்றார். வெற்றிடமாக இருந்த உபதலைவர் பதவிக்கு அவருடைய பெயர் அந்த இடத்திலேயே முன்மொழியப்பட்டது. வழிமொழிந்தவர் தேவராஜா. அடுத்த வருடம் முழுவதும் வரவேற்புரை வரதராஜாதான் என்றும் முடிவாயிற்று.

ஆட்கள் ரோல்ஸ் சாப்பிடப் போனார்கள். உபதலைவர் வரதராஜா கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். பொன்னாடை போட்ட வீரன் தானாகவே வந்து அவருக்குக் கைகொடுத்தான். இதெல்லாம் என்ன விழா என்று இங்கிலிஷில் கேட்டான். ஒரு சினிமாவைப்பற்றி என்றார் வரதராஜா.

"எனி குட்?"

வரதராஜா கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தார். தொழிற்சாலை இங்கிலிஷில், கையை வீசி வீசிச் சொல்லிக் காட்டினார். நாலு பேர். யார் நடுவில் என்று சண்டை. பின்னால் பாலம் போகிறது. பிறகு சுற்றிவரக் கையைக் காட்டி, அதேதான் இது, எங்கட சங்கம், என்றார். வீரன் மண்டபம் எதிரொலிக்கச் சிரித்தான். "நீ இதை அங்கே மேலே நின்று சொல்லியிருக்கவேணும், மேட்," என்றான்.

வரதராஜா கீழே வைத்த கதிரையைத் தூக்கி அடுக்கினார்.

சட்டைப்பையில் கைத்தொலைபேசி துடித்தது. ராதாவின் குறுஞ்செய்தி. காருக்குள்ளிருந்து இங்கிலிஷ் எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். எழுத்துக்கூட்டி வாசித்தார். "அப்பா, நல்லாப் பேசினீங்கள். எல்லாரும் கிளாப் பண்ணினது வெளிய கேட்டது. ஆனா படம் எப்பிடி எண்டு சொல்லவே இல்லையே?"

அவர் கடைசி வரிசையில், அவள் இருந்த கதிரையில் இருந்தார். பெரிய விரல்களால் சின்னப் பொத்தான்களைத் தேடித் தேடி அமர்த்தினார். "பிள்ளை," என்று வந்தது. அதற்குப் பிறகு சொல்லவேண்டியது நெஞ்சு நிறைய இருந்தது.

"உபதலைவர் அவர்களே!" என்று மேடையிலிருந்து சிவமணி கூப்பிட்டார். "கெதியா வாங்கோ! குழுப் படம்! பிடிச்சதிலை ஒராளை விட்டிட்டம், திரும்ப எடுக்கவேணும்!"

"ஒரு நிமிசம்..."

"எல்லாரும் காத்துக்கொண்டிருக்கினம்!"

மேடையில் தகராறு நடந்துகொண்டிருந்தது. நடுவில் தலைவரா, முன்னாள் தலைவரா, விருந்தினரா? கடைசியில் ஒருவருக்கும் ஆட்சேபணை வராத ஆள் என்று வரதராஜாவை இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். வீரனிடமிருந்து பொன்னாடையை வாங்கி அவருடைய தோளில் போட்டார்கள். அனுப்பாத செய்தியோடு கைத்தொலைபேசி சட்டைப்பைக்குள் போனது. மண்டபத்தின் பின்கதவு காற்றுக்குத் திறந்து கிடந்தது. அதற்கப்பால் ராதாவின் கார் போன வெறும் வீதி.

"சிரியுங்கோ," என்றார் படம் பிடிப்பவர்.

வரதராஜாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் படத்தில் உபதலைவரின் முகத்தில் மட்டும்தான் பதவிக்குரிய கம்பீரம் இருந்ததென்று மன்றத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள்.